முறுக்கிய நூலும் நேர்கோடும்: ஆங்கிலச் சொற்கள் சில பற்றிய இலக்கிய நோக்கு

ஒரு மொழியில் வழங்கும் சொற்கள் பல, அம்மொழி பேசுவோரின் கைத்தொழில்களில் தோன்றிப் பின்னர் அவர்தம் அறக்கருத்துக்களுக்கும் கலைக்கொள்கைகளுக்கும் உருவங் கொடுப்பதுண்டு. ஆங்கிலத்தில் நூல் முறுக்குதல், இழை பின்னுதல், துணி நெய்தல் ஆகிய தொழில்கள் வழங்கிய சொற்றொகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவரும், ஆங்கிலத் திறனாய்வுக் கலைச்சொற்களைத் தமிழிற் பெயர்த்து வழங்குவோரும் இச்சொற்களை அடிக்கடி கையாள நேர்கின்றது. எனினும் அகராதி தரும் ஒற்றைப் பொருளோடு அமைந்துவிடும் வழக்கம் நம்மிடையே வலுவாக உள்ளது. 'முறுக்கு', 'பின்னு', 'நெய்' எனத் தமிழ்ச்சொல் ஒன்றை எதிரே நிறுத்திவிட்டால் நம் கடமை முடிந்ததென எண்ணுகின்றோம். அச்சொற்களினுள் பல நூற்றாண்டுகளாகப் படிந்துள்ள மதிப்பீடுகளை நாம் நோக்குவதில்லை. அம்மதிப்பீடுகளைச் சிறந்த எழுத்தாளர் சிலர் எவ்வாறு ஏற்றனர், எவ்விடத்தில் மறுத்தனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் முறுக்குதலைக் குறிக்கும் சொற்களை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இன்று ஒலிக்கப்படாது எழுத்தில் மட்டும் எஞ்சிநிற்கும் டபிள்யூவை முதலாகக் கொண்ட சொற்கள் பல உள. பிழிதலைக் குறிக்கும் றிங், உடல் நெளிதலைக் குறிக்கும் றைத், வலிந்து பறித்தலைக் குறிக்கும் றெஸ்ற், கோணலைக் குறிக்கும் றை, மணிக்கட்டைக் குறிக்கும் றிஸ்ற், மலர்வளையத்தைக் குறிக்கும் றீத் என்பன அவற்றுட் சில. இவை யாவற்றிற்கும் அடிப்படைப் பொருள் திருகுதல் அல்லது முறுக்குதல் என்பதே. கடுஞ்சினத்தைக் குறிக்கும் றோத் என்னும் சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. எல்லாவற்றுக்கும் மேலாக, 'தவறு' எனப் பொருள்படும் றோங் என்னும் சொல் ஸ்கந்திநேவிய மொழியிலிருந்து ஆங்கிலத்துட் புகுந்தபோது கோணலானது, திருகியது என்ற பொருளையே உடையதாயிருந்தது. இலத்தீன் வழிவந்த சொற்களின் நிலையும் இதுவே. முறுக்குதலைக் குறிக்கும் தொர்க்குவேரே என்னும் வினையிலிருந்து சித்திரவதையைக் குறிக்கும் ரோச்சர், உருத்திரிப்பைக் குறிக்கும் டிஸ்ரோசன், சட்டத்தில் தீங்கினைக் குறிக்கும் ரோட் ஆகிய சொற்கள் பிறந்தன. இவற்றுக்கு எதிராக, 'சரி' எனப் பொருள்படும் றைற் என்னும் சொல்லின் பழம்பொருள் 'நேரானது' என்பதாகும். நேரானது சரி, முறுகியது தவறு என்னும் தீர்ப்பு ஆங்கிலச் சொற்களிலேயே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

இத்தீர்ப்பு ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று. நல்லாட்சியைச் செங்கோல் என்றும் தீயாட்சியைக் கொடுங்கோல் என்றும் வழங்கிய தமிழ் மரபும், கோலின் நேர்மையையும் வளைவையுமே அறத்தின் அளவையாகக் கொண்டது. கயிறு திரித்தலைக் குறிக்கும் 'திரி' என்னும் வினையே திரிபு என்னுஞ் சொல்லையும் தந்துள்ளது. ஆதலின் இப்பொருளில் ஆங்கிலச் சொற்களை அணுகும் தமிழ் மாணவன் அந்நிய நிலத்திற் கால்வைப்பவனல்லன். அதுவே அவனுக்கு வாய்ப்பும் இடருமாகும். தனக்குப் பழகிய தீர்ப்பையே அங்குங் காண்பதனால் அதனை மேலும் ஆராயாது விட்டுவிடக்கூடும்.

இனி நெசவினைச் சார்ந்த சொற்களை நோக்குவோம். இவற்றின் நிலை முற்றிலும் வேறானது. நெய்தலைக் குறிக்கும் தெக்செரே என்னும் இலத்தீன் வினையிலிருந்து ரெக்ஸ்ற், கொன்ரெக்ஸ்ற், ரெக்ஸ்சர் ஆகிய சொற்கள் தோன்றின. முறையே மூலபாடத்தையும், சூழமைவையும், இழையமைதியையும் இவை குறிப்பன. உயிரியலில் வழங்கும் ரிசூ என்னும் சொல்லும் பிரெஞ்சு வழியாக இவ்வினையிலிருந்தே வந்தது. இலங்கையில் அதனை 'இழையம்' எனத் தமிழாக்கியோர் மூலச்சொல்லின் உயிரை நன்குணர்ந்தே ஆக்கினர் எனலாம். துப்பு எனப் பொருள்படும் குளூ என்னும் சொல் தொடக்கத்தில் நூற்பந்தினைக் குறித்தது. கிரேக்கக் கதையில் தீசியஸ் என்னும் வீரன், அரியாட்னி கொடுத்த நூற்பந்தின் துணைகொண்டு சுழல்வழி மாளிகையிலிருந்து மீண்ட நிகழ்ச்சியே அச்சொல்லுக்கு இன்றைய பொருளை வழங்கியது. இவ்வாறு நெசவும் நூலும் கல்வி, அறிவு, கலை ஆகியவற்றுக்குரிய உயர்ந்த சொற்களைத் தந்தன. முறுக்குதலோ குற்றம், துன்பம், சினம் ஆகியவற்றுக்குரிய சொற்களைத் தந்தது. முறுக்குபவன் குற்றவாளி, நெய்பவன் கலைஞன் என்ற இப்பாகுபாடு திறனாய்விலும் இடம்பெற்றுள்ளது. ஒரு படைப்பினைச் 'செறிவாக நெய்யப்பட்டது' என்று கூறின் அது புகழுரை. 'பொருளை முறுக்கியுள்ளார்' என்று கூறின் அது பழியுரை.

தொழிலறிந்தவர் இப்பாகுபாட்டை ஏற்கமாட்டார். பஞ்சின் இழை சில சென்ரிமீற்றர் நீளமே உடையது. அத்தகைய குற்றிழைகள் பலவற்றைச் சேர்த்துப் பிடித்தால் மட்டும் நூல் உண்டாவதில்லை. அவற்றை முறுக்கும்போதே இழைகள் ஒன்றையொன்று நெருக்கிப் பற்றுகின்றன. அப்பற்றினாலேயே நூலுக்கு வலிமை உண்டாகின்றது. முறுக்குக் குறைந்தால் இழைகள் நழுவி நூல் அறும். முறுக்கு மிகுந்தால் அது சுருண்டு சிக்கலாகும். கயிற்றில் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். புரிகளை ஒரு திசையில் முறுக்கி, அவற்றை ஒன்றுசேர்க்கும்போது எதிர்த்திசையில் முறுக்குவர். ஒவ்வொரு புரியும் அவிழ முயலும் முயற்சியே மற்றவற்றை இறுக்கிப் பிடிக்கின்றது. தறியிற் பாவு நூல் இழுபட்டு நிற்க வேண்டியிருப்பதால் ஊடு நூலிலும் பார்க்க அதற்கு வலிமை மிகுதியாக வேண்டும். ஆர்க்ரைற் 1769ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற நீர்விசை நூற்புப்பொறி பெற்ற சிறப்புக்கு, பாவுக்கேற்ற வலிய பருத்தி நூலை அது தந்தமை ஒரு முக்கிய காரணமாகும். ஹார்கிறீவ்ஸின் ஜெனி என்னும் பொறி தந்த மென்னூல் ஊடுக்கே பெரிதும் பயன்பட்டது. இங்கிலாந்தின் பருத்தித் தொழிலில் பாவு நூலுக்கு வழங்கிய பெயரே ருவிஸ்ற், அதாவது 'முறுக்கு' என்பதாகும். துணியை நிமிர்த்தி நிறுத்தும் நூலுக்கு முறுக்கு என்று பெயரிட்டவர்கள் தொழிலாளரும் வணிகருமேயன்றி ஒழுக்கநூலார் அல்லர்.

சொற்களின் வரலாறும் தொழிலாளரின் பக்கமே நிற்கின்றது. நூலைக் குறிக்கும் திறெட் என்னும் சொல்லும், இன்று 'எறிதல்' எனப் பொருள்படும் திறோ என்னும் சொல்லும் ஒரே வேரின. திறோ என்பதன் பழம்பொருள் திருகுதல். எனவே நூல் என்பதன் ஆங்கிலப் பெயருக்கே 'முறுக்கப்பட்டது' என்பது பொருளாகின்றது. ருவிஸ்ற் என்னும் சொல்லும், புரிநூலைக் குறிக்கும் ருவைன் என்னும் சொல்லும் இரண்டு என்னும் எண்ணுப்பெயரோடு உறவுடையன. இரட்டையரைக் குறிக்கும் ருவின், 'இடையே' எனப் பொருள்படும் பிற்வீன் ஆகியனவும் அவ்வாறே. இரண்டு என்பது பிரிவையுங் குறிக்கலாம், சேர்க்கையையுங் குறிக்கலாம். ஆங்கிலத்திலேயே ருவிஸ்ற் என்பது ஒருகாலத்திற் கிளை பிரியும் கவையைக் குறித்தது. ஒல்லாந்த மொழியில் அதே சொல்லும், ஜேர்மன் மொழியில் அதன் இனச்சொல்லும் பூசலைக் குறிக்கின்றன. ஆங்கிலமோ இரண்டு இழைகள் ஒன்றாதலுக்கு அச்சொல்லைக் கொண்டது. பிரிவும் பிணைப்பும் ஒரே வேரிற் பிறந்தன என்பது இலக்கிய மாணவன் மனங்கொள்ளத்தக்கது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை அவசியமாகும். சொற்பிறப்பு ஒன்றையே சான்றாகக் கொண்டு கவிதைக்குப் பொருள் காண்பது பொருந்தாது. ஒரு சொல் தோன்றிய காலத்து உடையதாயிருந்த பொருள், அதனைக் கையாளும் கவிஞனின் உள்ளத்தில் இல்லாதிருக்கலாம். ஆதலின் அச்சொல் குறிப்பிட்ட படைப்பினுள் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதையே நாம் முதன்மையாக நோக்குதல் வேண்டும். இவ்வகையில் மில்ரனும் ஹேர்பேட்டும் ஜோர்ஜ் எலியற்றும் நமக்குப் பெரிதும் உதவுகின்றனர்.

வெ. ப. சுப்பிரமணிய முதலியார் தமிழிற் 'சுவர்க்க நீக்கம்' எனப் பெயரிட்ட மில்ரனின் காவியம் 1667ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1674ஆம் ஆண்டுப் பதிப்பின் பன்னிரு காண்ட அமைப்பே இன்று பெருவழக்காக உள்ளது. அதன் நான்காம் காண்டத்தில், ஆதாமும் ஏவாளும் காண விலங்குகள் விளையாடும் காட்சி வருகின்றது. யானை தன் துதிக்கையைச் சுருட்டி அவர்களை மகிழ்விக்கின்றது. அச்சுருட்டலுக்கு மில்ரன் வழங்கும் சொல் மலர்வளையத்தைக் குறிக்கும் றீத் என்பதன் வினைவடிவமாகும். அதனை அடுத்தே பாம்பு வருகின்றது. அதன் உடல் வளைவுகளைக் கூறுமிடத்து நெய்தல், புரித்தல், பின்னுதல் ஆகிய மூன்று தொழில்களின் சொற்களையும் கவிஞர் ஒருங்கே அடுக்குகின்றார். பாம்பினுள் சாத்தான் இன்னும் புகவில்லை. அது வெறும் விலங்கே. எனினும் கவிஞர் அதன் வஞ்சத்தை அங்கேயே சுட்டிவைக்கின்றார். ஒன்பதாம் காண்டத்தில் சாத்தான் புகுந்த பாம்பு ஏவாளின் முன் வளையம் வளையமாய்ச் சுருண்டு காட்டும்போது மீண்டும் றீத் என்னும் சொல் வருகின்றது. அதே காண்டத்தில் ஏவாளின் வரவை எதிர்நோக்கி ஆதாம் அவள் கூந்தலுக்கு மாலை செய்கின்றான். அங்கும் முதலில் நெய்தலைக் குறிக்கும் சொல் வருகின்றது. அவள் கனியுண்ட செய்தியைக் கேட்டு அவன் கை தளர, அம்மாலை கீழே விழுந்து ரோசா இதழ்கள் வாடிச் சிந்துகின்றன. அவ்விடத்தில் மாலைக்கு அடையாக வருவதும் றீத் என்பதன் வடிவமே.

யானையின் விளையாட்டுக்கும், பாம்பின் கவர்ச்சிக்கும், கணவனின் அன்புக்கும் ஒரே சொற்குடும்பத்தைக் கவிஞர் பயன்படுத்தியமை சொற்பஞ்சத்தால் அன்று. மில்ரனின் நடையை ஆராய்ந்த கிறிஸ்ரோபர் றிக்ஸ் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பின்னாளிற் குற்றப்பொருள் ஏறிய சொற்களை அவற்றின் குற்றமற்ற பழம்பொருளில் மில்ரன் ஆளும் திறத்தை எடுத்துக்காட்டினார். ஏதேனில் ஓடும் ஆறுகளின் வளைந்த போக்கைக் குறிக்க, இன்று பிழை எனப் பொருள்படும் எறர் என்னும் சொல்லை ஆண்டமை அத்தகையது. ஸ்ரான்லி பிஷ் 1967ஆம் ஆண்டில், அக்காவியத்தைப் படிக்கும் வாசகன் தானும் வீழ்ந்த மனிதனே என்பதை உணருமாறு கவிஞர் செய்கிறார் என வாதிட்டார். பின்னற்சொற்களைப் பொறுத்தவரை இவ்விரு கருத்துக்களும் பொருந்துகின்றன. வளைவு தன்னளவிற் குற்றமுடையதன்று என்பதே ஏதேனின் இயல்பு. வளைவைக் கண்டவுடன் வஞ்சத்தை நினைப்பது வீழ்ச்சிக்குப் பின்னான நம் கண்களின் இயல்பு. மாலை விழும் கணத்தில் இவ்விரு பார்வைகளும் மோதுகின்றன. பாம்பின் வளையம் வென்று மாலையின் வளையம் சிதைவதைக் காட்ட, இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தேயாக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளனின் பொறுப்பு இங்கேதான் எழுகின்றது. தமிழில் மாலையைத் தொடுப்போம், கட்டுவோம். பாம்பு சுருளும், நெளியும். இவ்வழக்குகளின்படி ஒவ்வோரிடத்திலும் இயல்பான சொல்லைப் பெய்தால் தனித்தனி அடிகள் அழகாக அமையும், காவியத்தின் உட்பிணைப்போ அறுந்துபோகும். ஆயினும் தமிழில் வழியில்லாமல் இல்லை. 'பிணையல்' என்னும் பெயர் பழைய இலக்கியங்களிற் பூமாலைக்கு வழங்கியுள்ளது. பாம்புகள் ஒன்றையொன்று பின்னிக் கிடத்தலையும் பிணைதல் என்கின்றோம். இச்சொல்லை உரிய இடங்களில் நிறுத்தும் மொழிபெயர்ப்பாளன் மில்ரனின் கருத்தைத் தமிழின் வளத்தாலேயே காப்பாற்றியவனாவான்.

மில்ரனுக்கு முந்திய ஜோர்ஜ் ஹேர்பேட் இப்பொருளை வேறொரு வகையில் அணுகியவர். அவர் 1633ஆம் ஆண்டில் இறந்தார். அவருடைய பாடல்களின் தொகுப்பான 'கோவில்' அதே ஆண்டில் வெளிவந்தது. அதில் 'யோர்தான்' எனப் பெயரிய பாடல்கள் இரண்டுள. அவற்றுள் இரண்டாவதில், தெய்வத்தைப் பாட முற்பட்டபோது எளிய கருத்தை உருவகங்களாற் சுருட்டியதையும், பாடலின் பொருளுக்குள் தன்னையே நெய்துவிட்டதையும் அவர் ஒப்புக்கொள்கின்றார். அன்பிலே முன்னரே எழுதப்பட்டுள்ள இனிமையைப் பார்த்து எழுதினாற் போதும் என நண்பனொருவன் குரல் அவருக்கு உணர்த்துகின்றது. இங்கு நெய்தல் என்னும் உயர்ந்த சொல் பழிக்குரியதாகி நிற்பது கவனிக்கத்தக்கது. நெசவு கலை என்பது உண்மை. ஆனால் நெய்பவன் தன்னையே ஊடாகப் புகுத்தும்போது அது செருக்காகின்றது.

அத்தொகுப்பிலேயே 'மலர்வளையம்' என்னும் பொருள்படும் பன்னிரண்டடிப் பாடலொன்றும் உண்டு. அதன் பெயர் றீத். ஓரடியின் இறுதியில் வரும் சொற்களை அடுத்த அடி எடுத்துக்கொண்டு தொடங்குகின்றது. முதலடியின் இறுதிச்சொல்லே பாடலின் இறுதிச்சொல்லாகவும் அமைகின்றது. முதல் நான்கடிகளின் இயைபுச் சொற்கள் இறுதி நான்கடிகளில் தலைகீழ் வரிசையில் மீள்கின்றன. அந்தாதியும் மண்டலிப்பும் அறிந்த தமிழ் வாசகனுக்கு இவ்வமைப்பு உடனே விளங்கும். ஆயினும் நம் அந்தாதி மரபில் இல்லாத முரணொன்று இப்பாடலில் உள்ளது. தன் வழிகள் கோணலானவை, சுழல்பவை என்று கவிஞர் இறைவனிடம் முறையிடுகின்றார். உண்மையான வாழ்வு நேரானது என்றும் அது கோட்டினை ஒத்தது என்றும் கூறுகின்றார். இறுதியில் எளிமையை இரந்து நிற்கின்றார். எளிமையை வேண்டும் பாடல் இத்துணைச் சிக்கலான பின்னலாக அமைந்தது ஏன்? இதனை வெறுஞ் சொல்விளையாட்டு என்றும், சொல்லுக்குஞ் செயலுக்கும் பொருந்தாமை என்றும் ஒருவர் கருதக்கூடும்.

இம்முரணைத் தீர்க்கும் திறவுகோல் அப்பாடலின் சொற்களிலேயே உள்ளது. 'கோடு' எனப் பொருள்படும் லைன் என்னும் சொல், ஆளிச்செடியின் நாரிலிருந்து திரிக்கப்பட்ட நூலின் பெயரிலிருந்து வந்தது. லினென் என்னும் துணியின் பெயரும் அவ்வழி வந்ததே. 'நேரான' எனப் பொருள்படும் ஸ்ரெயிற் என்னும் சொல் 'இழுத்து நீட்டப்பட்டது' என்னும் பொருளுடைய பழைய எச்சவடிவமாகும். ஆக, நேர்கோடு என்பது இழுத்துப் பிடித்த முறுக்குநூல். இவ்வரலாறு முழுவதையும் ஹேர்பேட் எண்ணியே எழுதினார் எனக் கொள்ள வேண்டியதில்லை. பாடலின் அமைப்பே அதனை நிறுவுகின்றது. நேர்மையைக் கூறும் அடிகள் வளையத்துக்கு வெளியே தனித்து நிற்கவில்லை, அதன் நட்டநடுவில் நிற்கின்றன. 'நேர்' என்னும் சொல்லுக்கு இயைபாக வருவதோ 'வஞ்சம்' என்னும் சொல்லாகும். நேர்மையும் வஞ்சமும் ஒரே ஓசையாற் கட்டப்பட்டுள்ளன. தன் கோணலை மறைத்து எளியவனாக நடிக்கும் பாடலை ஹேர்பேட் எழுதவில்லை. கோணலான வாழ்வையே நூலாகத் திரித்து, அதன் மறுமுனையை இறைவன் இழுத்துப் பிடிக்குமாறு வேண்டுகின்றார். முறுக்கு நீங்குவதன்று அவர் கேட்பது. முறுக்கிய நூல் நேர்பட வேண்டும் என்பதே அவர் கேட்பது. இவ்வாறு நோக்கும்போது பாடலின் வடிவமும் வேண்டுதலும் ஒன்றாகின்றன.

இதுவரை கூறியவற்றுள் தொழிலைச் செய்தவர் பற்றிய வினா எஞ்சி நிற்கின்றது. தெக்செரே என்னும் வினை கற்றோருக்கு உயர்ந்த கலைச்சொற்களை வழங்கியதைக் கண்டோம். ஸ்பின் என்னும் நூற்றல் வினையோ அத்தொழிலைச் செய்த பெண்களுக்கு என்ன வழங்கியது? நூற்பவளைக் குறித்த ஸ்பின்ஸ்ரர் என்னும் சொல் பதினேழாம் நூற்றாண்டளவில் மணமாகாத பெண்ணைச் சுட்டும் சட்டப் பெயராயிற்று. பின்னர் அதில் ஏளனமும் ஏறியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமணப் பதிவேடுகளிலிருந்து அச்சொல் 2005ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. நெய்பவளைக் குறித்த வெப்ஸ்ரர் என்னும் சொல் குடும்பப் பெயராகித் தன் பொருளை இழந்தது. நோவா வெப்ஸ்ரர் 1828ஆம் ஆண்டில் வெளியிட்ட அகராதியைப் புரட்டுவோருள் எத்தனை பேர் அப்பெயரில் ஒரு தறிப்பெண்ணைக் காண்கின்றனர்? துணி புகழடைந்தது. நூற்றவள் மறக்கப்பட்டாள்.

இம்மறதியை எதிர்கொண்ட நாவல் ஜோர்ஜ் எலியற் 1861ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சைலஸ் மார்னர்' ஆகும். அதன் தலைவன் கைத்தறியில் லினென் நெய்யும் எளிய தொழிலாளி. உற்ற நண்பனின் வஞ்சத்தாற் பொய்க்குற்றஞ் சாட்டப்பட்டுத் தன் சமயக் குழுவிலிருந்து நீங்கி, றவெலோ என்னும் ஊரிற் குடியேறுகின்றான். அவ்வூர்ப் பெயரில், சிக்கலாதல், சிக்கல் அவிழ்தல் ஆகிய இருபொருளும் தரும் றவெல் என்னும் ஆங்கிலச் சொல் ஒலிக்கின்றது. அங்கு அவன் சிந்தனையின்றி, சிலந்தியைப் போல இயல்பூக்கத்தால் மட்டும் நெய்துகொண்டிருக்கிறான் என ஆசிரியர் கூறுகின்றார். நெசவு இங்கு கலையின் உருவகமாக நிற்கவில்லை. மனித உறவு அறுந்தவனின் தனிமையாக நிற்கின்றது. அவன் சேர்த்த பொன் களவுபோன பின்னர், அனாதைக் குழந்தையொன்று அவனிடம் வந்து சேர்கின்றது. வேலை செய்யும்போது குழந்தை வெளியே ஓடாதிருக்க லினென் துணிப்பட்டையொன்றால் அதனைத் தறியோடு கட்டிவைக்கின்றான். குழந்தை கத்தரிக்கோலால் அதனை வெட்டிக்கொண்டு ஓடிவிடுகின்றது. அதனைத் தேடிக் கண்டெடுத்தவனுக்குத் தண்டிக்க மனம் வரவில்லை. அவன் நெய்த துணி கட்டிவைக்க முடியாத குழந்தையை அன்பு கட்டிவைக்கின்றது. அதே அன்பு அவனை ஊராரோடும் பிணைக்கின்றது. நாவலின் இறுதிப்பகுதியில் அவன் தன் பழைய குழு இருந்த இடத்தைத் தேடிச் செல்கையில் அங்கு பெரிய ஆலையொன்று நிற்கின்றது. அவன் மேற்சாட்டப்பட்ட குற்றத்தின் சிக்கல் அவனுக்கு என்றுமே அவிழவில்லை. எல்லா நூலும் ஒழுங்காய் முடிவதில்லை என்பதை ஆசிரியர் நேர்மையோடு காட்டியுள்ளார். பத்தாண்டுகளின் பின் 1871-72இல் வெளிவந்த 'மிடில்மார்ச்' நாவலிலும், மனித வாழ்வுகள் ஒன்றோடொன்று நெய்யப்பட்ட முறையை அவிழ்த்துக் காண்பதே தம் பணி என அவர் கூறுவது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இந்த ஒளியிலேயே அண்மைக்காலத் திறனாய்வின் புகழ்பெற்ற உருவகமொன்றை மதிப்பிடுதல் தகும். பிரெஞ்சுத் திறனாய்வாளர் றோலன் பார்த் 1973ஆம் ஆண்டில், எழுத்து என்பது நெசவு என்றார். அத்துணிக்குப் பின்னே உண்மை மறைந்திருப்பதாக இதுவரை எண்ணினோம். இனி அது இடையறாது நெய்யப்படும் செயலையே நோக்குவோம் என்பது அவர் கருத்து. தன் வலையிலேயே கரைந்துவிடும் சிலந்தியைப் போல எழுதுபவன் அந்நெசவிற் கரைந்துபோகின்றான் என்றும் கூறினார். நெசவைச் செயலாகக் கண்டமை அவர்தம் சிறப்பு. ஆனால் நூற்றாண்டுக்கு முன்னர் ஜோர்ஜ் எலியற் சிலந்தியை நினைத்தது மகிழ்ந்தன்று. நெய்பவன் தன் செயலிற் கரைந்துபோதல் அவருக்குத் துயரமாகவே தோன்றியது. தறியிற் குனிந்திருந்த மனிதனை அவர் அறிந்திருந்தார். பார்த்தின் கொள்கையிற் கரைவது ஆசிரியன் என்னும் அதிகாரம் மட்டுமே என்று ஒருவர் விடையிறுக்கலாம். அவ்விடையில் நியாயமுண்டு. ஆயினும் உழைப்பாளி இல்லாத நெசவை உருவகமாகக் கொள்ளும் திறனாய்வு, ஸ்பின்ஸ்ரர் என்னும் சொல்லுக்கு நேர்ந்த மறதியையே மறுபடியும் செய்யும் இடர் உண்டு.

தமிழ்த் திறனாய்வுக்கு இது நடைமுறை வினாவாகும். ரெக்ஸ்ற் என்பதற்குப் 'பிரதி' என்றும் 'பனுவல்' என்றும் இருசொற்கள் நம்மிடையே வழங்குகின்றன. பிரதி என்பது படியெடுத்ததைக் குறிக்கும் வடசொல். நெசவின் சுவடு எதுவும் அதில் இல்லை. பனுவலோ பஞ்சையும் நூலையும் இலக்கியத்தையும் ஒருங்கே குறித்த சொல். நற்றிணைப் பாடலொன்றில், ஆண்துணையற்ற பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூல் அச்சொல்லாற் குறிக்கப்படுகின்றது. புறநானூறு பஞ்சோடு தொழில்செய்யும் பெண்களையும் அச்சொல்லோடு சேர்த்தே நினைக்கின்றது. ஆங்கிலத்தில் ஸ்பின்ஸ்ரரும் ரெக்ஸ்ற்றும் வெவ்வேறு சொற்களாய்ப் பிரிந்து, ஒன்று தாழ்வும் மற்றது உயர்வும் பெற்றன. தமிழிற் பனுவல் என்னும் ஒரு சொல்லினுள் நூற்றவளும் நூலும் இன்னும் ஒன்றாக உள்ளனர். ஆதலின் பனுவல் என்பதையே நாம் தெரிந்தெடுத்தல் தகும் என்பது என் துணிபு.

நன்னூற் பாயிரம் நூலுக்கு இரண்டு விளக்கங்கள் தருவதை இங்கு நினைவுகூரலாம். சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்பவளாகவும் கொண்டு நூற்றலோடு ஒப்பிடுவது ஒன்று. மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டித் தீர்ப்பது போல மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனி உவமைகளாகவே படித்து வந்துள்ளோம். ஹேர்பேட்டின் பாடலைக் கற்றபின் அவை ஒன்றையொன்று விளக்கும் இருபாதிகளாகத் தோன்றுகின்றன. தச்சன் இழுத்துப் பிடிக்கும் நூல், முன்னர் யாரோ ஒருத்தி முறுக்கித் தந்த நூல். அவள் முறுக்காதிருந்தால் மரத்தின் கோணல் புலப்பட்டிராது. முறுக்கினை இகழ்ந்து நேர்மையைப் புகழ்வது எளிது. முறுக்கிலிருந்து நேர்மை பிறக்கும் தொழிலை உணர்ந்து போற்றுவதே திறனாய்வின் கடனாகும்.